கறுத்த சேற்றில் பெயர் தேடியவர்

களப்புக் கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த மணத்தைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை. கோடையில் தண்ணீர் உள்வாங்கிய பிறகு கரையில் நடந்தால் மேலே வெள்ளை மணல் தான் தெரியும். பெருவிரலால் கொஞ்சம் கிண்டினால் ஒரு விரற்கடை ஆழத்திலேயே மண் கறுத்துவிடும். கூழ்முட்டை உடைந்தது போல ஒரு மணம் எழும்பும். இறால் பிடிக்கப் போகும் பெரியவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. பிள்ளைகளாகிய நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அந்தக் கறுப்புக்கும் மணத்துக்கும் காரணம் உயிர்கள் என்பதை நான் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் அறிந்தேன். அந்தச் சேற்றில் வாழும் உயிர்கள் பலவற்றுக்கு ஒழுங்காகப் பெயர் வைத்த மனிதர் ஒருவர் இருந்தார் என்பதையும், அவரும் ஒரு போரில் வீட்டையும் காணியையும் விட்டு ஓடியவர் என்பதையும் அறிய இன்னும் பல வருடங்கள் எடுத்தன.

2008ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நான் முல்லைத்தீவுக் கரையோரத்தில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆய்வுகூடம் என்று ஓர் அறை இருந்தது. அங்கே இருந்த ஒரேயொரு நுணுக்குக்காட்டியின் வில்லையில் பூஞ்சணம் பிடித்திருந்தது. இரசாயனப் பொருட்கள் வந்து எத்தனையோ காலம். பிள்ளைகளுக்கு எதையாவது கண்ணால் காட்ட வேண்டும் என்ற எண்ணத்தில் ஒரு பெரிய கண்ணாடிப் போத்தலை எடுத்தேன். களப்புச் சேறும் மணலும் கலந்து, பழைய கொப்பித் தாளைக் கிழித்துப் போட்டு, கொஞ்சம் வெண்கட்டித் தூளும் சேர்த்து, மேலே களப்புத் தண்ணீர் விட்டு, வெளிச்சம் படும் யன்னலில் வைத்தேன். பாடப்புத்தகங்களில் வினோகிராட்ஸ்கி நிரல் என்று இதற்குப் பெயர். மின்சாரம் வேண்டாம், மருந்து வேண்டாம். பொறுமை மட்டும் வேண்டும். ஐந்தாறு கிழமைகளில் சேறு தானாகவே நிறம் நிறமாகப் பட்டை பிரியும்.

மூன்றாம் கிழமை அடிப்பக்கம் கறுத்தது. நான்காம் கிழமை கண்ணாடியின் ஓரத்தில் ஒரு பச்சைப் படலம் தெரிந்தது. ஊதா நிறம் வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். அது வரமுதல் நாங்கள் வெளிக்கிட்டுவிட்டோம். போத்தல் யன்னலிலேயே நின்றது.

வெளிக்கிடும்போது யார் சேற்றுப் போத்தலைப் பற்றி யோசிப்பார்கள்? நானும் யோசிக்கவில்லை. அது நினைவுக்கு வந்தது பல மாதங்கள் கழித்து, முகாமில் ஒரு தறப்பாளின் கீழே. அந்தப் போத்தலின் பெயருக்குரிய மனிதர் யார் என்று தேடத் தொடங்கியது அதற்கும் பிறகு. அந்தத் தேடலில் நான் அறிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறேன்.

செர்கேய் வினோகிராட்ஸ்கி 1856 செப்ரெம்பரில் கீவ் நகரில் பிறந்தார். இன்றைய உக்ரைனின் தலைநகரமான அது அப்போது ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. குடும்பம் நல்ல வசதியானது. இளமையில் அவருக்கு எதிலும் மனம் நிலைக்கவில்லை. கீவ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கத் தொடங்கி அதை விட்டார். இயற்கை விஞ்ஞானத்துக்கு மாறி அதையும் விட்டார். 1875 இல் சென் பீற்றர்ஸ்பேர்க் சென்று இசைக் கல்லூரியில் சேர்ந்து, அந்தக் காலத்தின் பெயர்பெற்ற பியானோ ஆசான் லெஷெற்றிஸ்கியிடம் பயின்றார். இசையும் அவரை முழுதாகப் பிடித்து வைக்கவில்லை. 1877 இல் சென் பீற்றர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் மீண்டும் விஞ்ஞான மாணவராகச் சேர்ந்தார். எங்கள் ஊரில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் உருப்படாது என்று சொல்லிவிடுவோம். அவருக்கு வசதி இருந்தபடியால் தேடிப் பார்க்க நேரமும் இருந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த முறை மனம் நிலைத்தது. தாவரவியல் பேராசிரியர் ஃபமின்ற்சினிடம் நுண்ணுயிர்களைப் பார்க்கப் பழகினார். வைன் மீது படரும் ஒரு மதுவத்தின் வளர்ச்சியை உணவும் சூழலும் எப்படி மாற்றுகின்றன என்று ஆராய்ந்து 1884 இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். ஓர் உயிரை அதன் சூழலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் அங்கேயே தொடங்கியது. அடுத்த ஆண்டு, அப்போது ஜேர்மனியின் வசம் இருந்த ஸ்ட்ராஸ்பூர்க் நகருக்குப் போனார். தாவர நோய்கள் பற்றிய ஆய்வின் முன்னோடியான அன்ரன் டி பாரியின் ஆய்வுகூடம் அங்கே இருந்தது.

அந்தக் காலத்தில் பக்டீரியாக்களை வகைப்படுத்துவது எவ்வளவு குழப்பமாக இருந்தது என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பூவென்றால் இதழை எண்ணலாம். மீனென்றால் செட்டையைப் பார்க்கலாம். பக்டீரியாவில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? நுணுக்குக்காட்டியில் ஒரு புள்ளி, ஒரு கோல், ஒரு சுருள், ஒரு நூல், அவ்வளவுதான். பிரெஸ்லாவ் நகரத்தின் ஃபெர்டினான்ட் கோன் 1872 இல் இந்த வடிவங்களை வைத்தே பக்டீரியாக்களை ஆறு சாதிகளாகப் பிரித்தார். அது முதல் படி. ஆனால் வேறொரு கூட்டத்தார் இந்தப் பிரிப்பே பிழை என்றார்கள். ஒரே உயிர்தான் இன்றைக்குப் புள்ளியாகவும் நாளைக்குக் கோலாகவும் மறுநாள் நூலாகவும் வேஷம் மாற்றுகிறது என்பது அவர்களுடைய வாதம். ஜேர்மனியில் சோஃப் என்ற தாவரவியலாளர் கந்தகச் சேற்றில் வாழும் நூல்களையும் கோல்களையும் சுருள்களையும் ஒன்றாகக் கட்டி, எல்லாம் பெஜியற்றோவா என்ற ஒரே இனத்தின் வெவ்வேறு வேஷங்கள் என்று எழுதினார்.

இதில் யார் சரி என்பது வெறும் பெயர்ச் சண்டை அல்ல. எல்லாம் ஒன்றுதான் என்றால், எது என்ன வேலை செய்கிறது என்று கேட்கவே முடியாது. வாந்திபேதிக்கு ஒரு கிருமி, காசநோய்க்கு ஒரு கிருமி என்று கொக் போன்றவர்கள் பிரித்தறிய முயன்றுகொண்டிருந்த காலம் அது. இனம் என்று ஒன்று நிலையாக இல்லாவிட்டால் அந்த முயற்சி முழுவதும் ஆட்டம் கண்டுவிடும்.

வினோகிராட்ஸ்கி பெஜியற்றோவாவையே கையில் எடுத்தார். வெள்ளை நூல் போன்ற இந்த உயிருக்கு இத்தாலியின் விசென்சா நகரத்து வைத்தியர் பெஜியற்றோவின் நினைவாக 1842 இல் வைக்கப்பட்ட பெயர் அது. கந்தக ஊற்றுகளிலும் சேற்றின் மேற்பரப்பிலும் வெள்ளைப் படலமாகப் படர்ந்து கிடக்கும். நூலுக்குள் மின்னும் சிறு துளிகள் கந்தகம் என்பது முன்பே தெரியும். ஆனால் கந்தக ஊற்றின் துர்நாற்றத்துக்கே, அதாவது ஐதரசன் சல்பைட்டு வாயுவுக்கே, இந்த உயிர்தான் காரணம் என்று பலர் நம்பினார்கள்.

அவருடைய முறை மிக எளிமையானது. ஒரு கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரில் சில நூல்களை வைத்தார். கந்தக ஊற்றிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை நாளுக்குப் பல தடவை மாற்றினார். அதே நூலை மணிக்கணக்காக, நாட்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த கிழமை வேறொன்றைப் பார்த்தால், ஒன்று மற்றதாக மாறிவிட்டது என்று தோன்றும். கண் எடுக்காமல் பார்த்தால் அப்படித் தோன்றாது. அவர் பார்த்த நூல் நூலாகவே வளர்ந்தது, நூலாகவே உடைந்து பெருகியது. புள்ளியாகவும் இல்லை, சுருளாகவும் இல்லை.

அவர் கண்ட இன்னொன்று அதைவிடப் பெரியது. ஐதரசன் சல்பைட்டு உள்ள தண்ணீரில் நூலுக்குள் கந்தகத் துளிகள் நிறைந்தன. அந்த வாயு இல்லாத தண்ணீரில் வைத்தபோது, ஓரிரு நாட்களில் துளிகள் கரைந்து போயின. அதன் பிறகும் வாயு கிடைக்காவிட்டால் நூல்கள் இறந்தன. ஆகவே இந்த உயிர் நாற்றத்தை உண்டாக்கவில்லை. நாற்றத்தை உண்டு வாழ்கிறது. வாயுவைக் கந்தகமாக்கிச் சேமித்து, பிறகு அந்தக் கந்தகத்தையும் எரித்துச் சல்பேற்று ஆக்கி, அதிலிருந்து வரும் சக்தியில் சீவிக்கிறது. நாங்கள் சோற்றை எரிப்பது போல அது கந்தகத்தை எரிக்கிறது. 1887 இல் இதை வெளியிட்டபோது அவருக்கு வயது முப்பத்தொன்று.

பெஜியற்றோவாவோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்த இன்னொரு நூலை அவர் தனியாகப் பிரித்தார். பெஜியற்றோவா தகட்டின் மேல் வழுக்கி நகரும். இது ஒரு முனையால் கல்லையோ இலையையோ பற்றிக்கொண்டு நிற்கும். மறு முனையிலிருந்து சிறு துண்டுகளை விடுவிக்கும். அதற்குத் தையோத்திரிக்ஸ், அதாவது கந்தக மயிர், என்று பெயரிட்டார். 1888 இல் வெளிவந்த நூலில் ஊதாவும் சிவப்புமான கந்தக பக்டீரியாக்களையும் எடுத்து, சாதி சாதியாகப் பிரித்துப் பெயர் வைத்தார். அவற்றில் பல இன்றும் நிலைத்து நிற்கின்றன. உருவத்தை மட்டும் பார்க்காமல், எங்கே வாழ்கிறது, எதை உண்கிறது, என்ன செய்கிறது என்பதையும் சேர்த்து ஓர் உயிரை அடையாளம் காணும் வழக்கத்துக்கு அவருடைய கை பெரிது.

எல்லாவற்றிலும் அவர் சரியாக இருக்கவில்லை. ஊதா நிற பக்டீரியாக்களும் பெஜியற்றோவாவைப் போலத்தான் சீவிக்கின்றன என்று எண்ணினார். அவை ஒளியைப் பயன்படுத்துகின்றன என்று ஏங்கல்மன் சொன்னதை ஏற்கவில்லை. இலை தண்ணீரைப் பிரிப்பது போல இவை ஐதரசன் சல்பைட்டைப் பிரித்து ஒளித்தொகுப்புச் செய்கின்றன என்பதை வான் நீல் 1931 இல் தெளிவாக்கினார். இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியைப் பார்த்திருந்தார்கள்.

1888 இல் டி பாரி இறந்துவிட, வினோகிராட்ஸ்கி சூரிச்சுக்குப் போனார். அங்கே அவர் எடுத்த கேள்வி விவசாயிகளுக்கு நெருக்கமானது. எருவிலிருந்து வரும் அமோனியா மண்ணில் நைத்திரேற்று ஆகிறது. பயிர் அதை விரும்பி எடுக்கிறது. இதைச் செய்வது உயிர்கள் என்று பிரான்சில் 1877 இலேயே காட்டியிருந்தார்கள். ஆனால் அந்த உயிரை யாராலும் பிடிக்க முடியவில்லை. கொக்கின் முறைப்படி ஜெலற்றின் தட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். தட்டில் வளர்ந்த எதுவும் அந்த வேலையைச் செய்யவில்லை.

கந்தகத்தில் கற்ற பாடத்தை இவர் இங்கே பிரயோகித்தார். இந்த உயிருக்குச் சமைத்த சாப்பாடு தேவையில்லாமல் இருக்கலாம். ஆகவே சேதனப் பொருள் எதுவுமே இல்லாமல், சூரிச் ஏரித் தண்ணீரில் அமோனியா உப்பும் சில கனியுப்புகளும் மட்டும் போட்டு ஒரு சிட்டிகை மண் சேர்த்தார். மற்றவை பட்டினியில் ஒதுங்க, தேடிய உயிர் பெருகியது. ஜெலற்றினுக்குப் பதிலாகச் சிலிக்கா கூழைப் பயன்படுத்தினார். கடைசியில் தெரிந்தது, ஒருவர் அல்ல, இருவர். ஒன்று அமோனியாவை நைத்திரைற்று வரை கொண்டுபோகிறது. மற்றது அங்கிருந்து நைத்திரேற்றுக்கு எடுத்துச் செல்கிறது. நைத்திரோசோமோனாஸ், நைத்திரோபக்டர் என்ற அந்தப் பெயர்களை எங்கள் உயர்தரப் பிள்ளைகள் இப்போதும் மனப்பாடம் செய்கிறார்கள். இருட்டில், வெறும் கனியுப்பிலிருந்து சக்தி பெற்று, காபனீரொட்சைட்டிலிருந்து தன் உடலைக் கட்டும் உயிர்கள் உண்டு என்பது அப்போது நம்ப முடியாத செய்தியாக இருந்தது.

பெயர் பரவியது. பரிஸிலிருந்த பாஸ்டர் நிறுவனம் அவரை அழைத்தது. அழைப்போடு வந்தவர் மெச்னிகோஃப். அவர் மறுத்துவிட்டு, 1891 இல் தன் நாட்டுக்கே திரும்பினார். சென் பீற்றர்ஸ்பேர்க்கில் அப்போதுதான் தொடங்கப்பட்ட பரிசோதனை மருத்துவ நிறுவனத்தில் நுண்ணுயிரியல் பிரிவுக்குத் தலைவரானார்; பாவ்லோவும் அங்கே ஒரு பிரிவை நடத்தினார். காற்றிலுள்ள நைதரசனை ஒட்சிசன் இல்லாத இடத்தில் பிடித்துக் கட்டும் ஒரு பக்டீரியாவை அங்கே பிரித்தெடுத்து, பாஸ்டரின் பெயரையே அதற்கு வைத்தார். 1902 இல் நிறுவனத்தின் பணிப்பாளரானார். 1905 இல் உடல்நலம் சரியில்லாமல் விலகினார். ஐம்பதாவது வயதை எட்டும்போது அவருடைய விஞ்ஞான வாழ்க்கை முடிந்தது போலவே இருந்தது.

பொடோலியாவில், கொரோடோக் என்ற இடத்தில், அவருக்குப் பெரிய காணி இருந்தது. அதையும் காட்டையும் பார்த்துக்கொண்டு மனைவியோடு அமைதியாகக் காலம் கழித்தார். நுணுக்குக்காட்டியைத் தொடவில்லை. 1917 வந்தது. புரட்சி, அதன் பின்னே உள்நாட்டுப் போர். அந்தப் பகுதியை ஒரு படை பிடிக்கும், பின்வாங்கும், இன்னொரு படை வரும். யாருக்கு யார் எதிரி என்று சனத்துக்கே தெரியாத காலம். காணி போனது, வீடு போனது. அறுபது வயதைத் தாண்டிய மனிதர் நாட்டை விட்டு வெளியேறினார்.

அவர் ஒரு பெரும் நிலவுடைமையாளர் என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த மண்ணில் கூலிக்கு வேலை செய்த குடியானவர்களுக்கு அதே 1917 வேறொன்றாகத் தெரிந்திருக்கும். ஆனாலும் வீட்டுத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் போக முடியாமல் நின்ற எவரையும் எனக்கு அந்நியராக நினைக்க முடியவில்லை.

பெல்கிரேட் பல்கலைக்கழகம் அவருக்கு ஒரு பேராசிரியர் பதவியைக் கொடுத்தது. முதலாம் உலகப் போரில் அடிபட்டுக் கிடந்த நகரம் அது. ஒழுங்கான ஆய்வுகூடமோ நூலகமோ இல்லை. இங்கேதான் அவருடைய கதை நின்றிருக்க வேண்டும். 1922 இல் பாஸ்டர் நிறுவனத்தின் பணிப்பாளர் எமில் றூவிடமிருந்து அழைப்பு வந்தது. முப்பது வருடங்களுக்கு முன் அவர் வேண்டாம் என்று சொன்ன அதே நிறுவனம். பரிஸுக்குத் தென்கிழக்கே பிறீ கொம்த் றொபேர் என்ற சிற்றூரில் ஒரு வீடும் தோட்டமும் ஆய்வுகூடமும் தந்தார்கள். படிப்பிக்க வேண்டியதில்லை. விரும்பியதை ஆராயலாம்.

அவருக்கு அப்போது வயது அறுபத்தாறு. ஏறக்குறைய பதினைந்து வருடங்களுக்கு மேலாகத் துறையை விட்டு விலகி இருந்தவர். இடையில் நுண்ணுயிரியல் எங்கேயோ போய்விட்டது. எங்களிலும் இப்படிப் பலர் இருக்கிறார்கள். நாற்பது வயதில் வேறொரு நாட்டில் மொழி படிக்கத் தொடங்கியவர்கள், ஆசிரியராக இருந்துவிட்டுக் கடையில் நின்றவர்கள். எல்லோருக்கும் ஒரு றூ கிடைப்பதில்லை. கிடைத்தவர் என்ன செய்தார் என்பதையாவது பார்க்கலாம்.

அவர் மண்ணுக்குத் திரும்பினார். ஆய்வுகூடத் தட்டில் நல்ல சாப்பாடு கொடுத்து வளர்க்கும் பக்டீரியா ஒரு வீட்டுச் செடி மாதிரி, அது மண்ணில் என்ன செய்கிறது என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது என்பது அவருடைய வாதம். மண்ணையே நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார். 1920களின் நடுப்பகுதியில் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை இரண்டாகப் பிரித்தார். புதிய இலையோ எருவோ விழுந்ததும் திடீரெனப் பெருகி, அது முடிந்ததும் அடங்கிப் போவது ஒரு கூட்டம். எது விழுந்தாலும் விழாவிட்டாலும் அந்த மண்ணிலேயே மெதுவாக, மாறாமல் சீவித்துக்கொண்டிருப்பது மற்றக் கூட்டம். இரண்டாவதுக்கு அவர் தெரிந்த கிரேக்கச் சொல்லுக்கு, அந்த மண்ணிலேயே பிறந்தது என்று பொருள். சொந்த மண்ணைப் பறிகொடுத்தவர் அந்தச் சொல்லை எழுதும்போது என்ன நினைத்தாரோ என்று நான் யோசித்ததுண்டு. விஞ்ஞானக் கட்டுரையில் அதற்கு இடமில்லை. அவர் எழுதவும் இல்லை.

அவருடைய மகள் எலேன் ஆய்வுகூடத்தில் உதவியாக இருந்தார். 1924 இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் வெளிநாட்டு உறுப்பினராக்கியது. அவர் ஓடி வந்த நாட்டின் விஞ்ஞானக் கழகமே அதற்கு முதல் ஆண்டு அவரைக் கௌரவ உறுப்பினராக்கியிருந்தது. அப்போது பத்து வருடங்களுக்கு ஒருமுறை வழங்கப்பட்ட லேவன்ஹூக் பதக்கம் 1935 இல் கிடைத்தது. 1939 இல் மனைவி சினாயிடா இறந்தார். அடுத்த வருடம் பிரான்சை ஜேர்மன் படை பிடித்தது. மீண்டும் ஒரு போர், மீண்டும் ஓர் ஆக்கிரமிப்பு. இந்த முறை அவர் எங்கேயும் போகவில்லை. அதே ஊரில் இருந்தபடி தன் வாழ்நாள் ஆய்வுகளைத் தொகுக்கத் தொடங்கினார். மண் நுண்ணுயிரியல் பற்றிய அந்தப் பெருந்தொகுப்பு 1949 இல் வெளிவந்தபோது அவருக்கு வயது தொண்ணூற்றிரண்டுக்கு மேல்.

1952 இல், இறப்பதற்கு முதல் வருடம், பக்டீரியா வகைப்பாடு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பூவுக்கும் விலங்குக்கும் லின்னேயஸ் வகுத்த இனம், சாதி என்ற முறையைப் பக்டீரியாக்களுக்கு அப்படியே போடுவது பொருந்தாது என்றும், இனம் என்பதற்குப் பதிலாக உயிர்வகை என்று சொல்வது நேர்மையானது என்றும் அதில் வாதிட்டார். இனங்கள் நிலையானவை என்று நிறுவத் தொடங்கிய மனிதர், அறுபத்தைந்து வருடங்களின் பிறகு இனம் என்ற சொல்லையே சந்தேகித்தார். 1953 பெப்ரவரியில், தொண்ணூற்றாறு வயதில், பிறீ கொம்த் றொபேரில் காலமானார். அவருடைய வாழ்க்கையை நூலாக எழுதியவர் செல்மன் வாக்ஸ்மன். ஸ்ரெப்ரோமைசின் மருந்துக்காக நோபல் பரிசு பெற்ற அவரும் உக்ரைனில் பிறந்து, யூதர் என்பதால் கதவுகள் மூடப்பட்டு, 1910 இல் அமெரிக்காவுக்குப் போனவர்.

இன்றைக்குக் கடற்கரை மணலில் ஒரு புதிய பக்டீரியாவைக் கண்டால் என்ன செய்கிறார்கள் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. மணலை உப்புத் தண்ணீரில் கலக்கி, பலமுறை ஐதாக்கி, கடல்நீருக்குரிய ஏகார் தட்டில் பூசுவார்கள். தனியாக முளைத்த ஒரு குடியேற்றத்தை எடுத்து மீண்டும் மீண்டும் பூசித் தூய்மையாக்குவார்கள். பிறகு வடிவம், சாயமேற்றம், எந்த உப்பில், எந்த வெப்பத்தில் வளர்கிறது, எந்தச் சீனியைத் தின்கிறது, கொழுப்பமிலங்கள் எவை என்ற விசாரணை. அதோடு றைபோசோம் ஆர்.என்.ஏ. க்குரிய 16எஸ் மரபணுவை வாசித்து, தெரிந்த இனங்களோடு ஒப்பிடுவார்கள். ஒற்றுமை 98.7 வீதத்துக்குக் கீழே என்றால் புதிய இனம் என்று நம்ப இடமுண்டு. முழு மரபுத்தொகுதியையும் ஒப்பிட்டால் 95, 96 வீதம் எல்லைக்கோடு. கடைசியில் மாதிரி வளர்ப்பை இரண்டு வெவ்வேறு நாடுகளிலுள்ள சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். ஒன்று அழிந்தாலும் மற்றது இருக்கும். யாழ்ப்பாண நூலகத்தை இழந்த எங்களுக்கு இந்த விதியின் அருமையை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

ஆனால் சேற்றில் வாழும் பல தட்டில் வளர மறுக்கின்றன. பெஜியற்றோவா வெறும் கனியுப்பிலும் வாயுவிலும் சீவிக்கிறது என்பதைத் தூய வளர்ப்பில் காட்ட 1983 வரை பொறுக்க வேண்டியிருந்தது. நமீபியாக் கரையோரக் கடற்சேற்றில் 1997 இல் கண்டுபிடிக்கப்பட்ட தையோமார்கரிற்றா இதே கந்தகச் சொந்தம்தான். பக்டீரியா என்றாலும் வெறும் கண்ணுக்கே தெரியும். முக்கால் மில்லிமீற்றர் வரை வளர்ந்து, உள்ளே கந்தகம் முத்துப் போல மின்னும். 2022 இல் குவாதலூப் தீவின் கண்டல் காட்டில், அழுகிய இலைகளில், அதன் உறவு ஒன்றை அறிவித்தார்கள். அதன் நீளம் ஒரு சென்ரிமீற்றர் அளவு. நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற இடங்களில் இன்னும் பெயரில்லாதவை எத்தனையோ இருக்கின்றன.

மீள்குடியேறி ஊருக்கு வந்தபோது பழைய வகுப்பறைக் கட்டடம் இல்லை. அத்திவாரத்தில் நாயுருவி முளைத்திருந்தது. அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகளில் சிலர் வெளிநாட்டில். சிலரைப் பற்றி அவர்களுடைய தாய்மார் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

போன வருடம் ஒரு தனியார் வகுப்புப் பிள்ளைகளோடு மீண்டும் ஒரு போத்தல் வைத்தேன். அதே களப்பு, அதே கறுத்த சேறு. இந்த முறை கொப்பித் தாளுக்குப் பதிலாகப் பழைய பேப்பர். ஏழாம் கிழமை ஒரு பிள்ளை ஓடி வந்து கூப்பிட்டாள். கண்ணாடியின் நடுப்பகுதியில், உள்ளங்கை அகலத்துக்கு, பீற்றூட் சாறு போல ஊதா படர்ந்திருந்தது. இதன் பெயர் என்ன சேர் என்று கேட்டாள். 1888 இல் வினோகிராட்ஸ்கி வைத்த பெயர் ஒன்றைச் சொன்னேன்: தையோகப்சா. கந்தகத்தை உறைக்குள் வைத்திருப்பது என்ற கருத்தில், கரையோரக் களப்புகளில் அடிக்கடி காணப்படுவது. ஆனால் நிறத்தை மட்டும் பார்த்து அப்படித்தான் என்று சொல்ல முடியாது, மரபணுவை வாசித்தால்தான் தெரியும் என்றும் சொன்னேன். அவள் போத்தலில் ஒரு துண்டுத் தாளை ஒட்டினாள். அதில் திகதியையும் களப்பின் பெயரையும் எழுதி, உயிரின் பெயருக்கு ஒரு வரி வெறுமையாக விட்டாள்.